ட்ரூ கிரிட்: தூங்க வைத்த படம், பிறகு தூங்க விடாத படம்

கோயன் சகோதரர்கள் 2010-ல் எடுத்த 'ட்ரூ கிரிட்' படத்தை முதல்முறை பார்த்தபோது பாதியிலேயே தூங்கிவிட்டேன். கௌபாய் படம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு துப்பாக்கிச் சூடு இருக்கும் என்று உட்கார்ந்தவன் நான். இதில் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். போதாக்குறைக்கு ஜெஃப் பிரிட்ஜஸ் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போலப் பேசுகிறார். சப்டைட்டில் இல்லாமல் பார்த்தது என் தப்பு.

அதற்கப்புறம் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் ஐந்தாறு முறை பார்த்திருப்பேன். சினிமா விமர்சகன் எல்லாம் இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரு படம் போடுகிற ஆள். ஆனால் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போன படங்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான், அதில் இது ஒன்று.

முதலில் பிரிட்ஜஸ் நடித்த ஒற்றைக்கண் கிழட்டு மார்ஷல் (அந்தக் காலத்துப் போலீஸ் அதிகாரி மாதிரி) ரூஸ்டர் காக்பர்னின் கதை என்று நினைத்தேன். இது அந்தப் பதினாலு வயதுப் பெண் மேட்டியின் கதை. அப்பாவைக் கொன்றவனைப் பிடிக்க ஃபோர்ட் ஸ்மித் ஊருக்கு வந்து, ரூஸ்டரைக் கூலிக்கு அமர்த்துகிறாள். வந்ததும் முதல் வேலையாகக் குதிரை வியாபாரியிடம் பேரம் பேசுகிறாள். அப்பா வாங்கிய மட்டக்குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள், உன் லாயத்தில் களவுபோன குதிரைக்கும் பணம் கொடு என்கிறாள். அந்த ஆள் முதலில் சிரிக்கிறார், அப்புறம் எரிச்சல்படுகிறார், கடைசியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அவள் குரலை உயர்த்துவதே இல்லை, வக்கீல் பேரை மட்டும் நடுநடுவே சொல்கிறாள். முதல்முறை நான் கொட்டாவி விட்ட இடம் இது. இப்போது இதற்காகவே படத்தைப் போடுகிறேன். அப்பாவின் தொப்பி பெரிதாக இருக்கிறதென்று உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்துப் போட்டுக்கொள்கிறாளே, அதுவும் அப்படித்தான். மேட்டியாக நடித்த ஹேலி ஸ்டைன்ஃபெல்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. இதே கதையை முன்பு எடுத்த 1969 படத்தில் அதே வேடத்தில் நடித்த கிம் டார்பிக்கு இருபதைத் தாண்டியிருந்தது. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

அந்தப் பழைய படம், ரூஸ்டராக நடித்த ஜான் வேய்னுக்கு அவருடைய ஒரே நடிப்பு ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. என் அப்பா அவருடைய ரசிகர். புதியதைப் போட்டதும், "ஏண்டா, கண்ணுக்கட்டு இடது கண்ணுலல்ல இருக்கணும்?" என்றார். உண்மைதான், பிரிட்ஜஸுக்கு அது வலது கண்ணில். ஆனால் கோயன்கள் பழைய படத்தைவிட, சார்ல்ஸ் போர்ட்டிஸ் 1968-ல் எழுதிய நாவலைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் பாம்புக்கடியில் மேட்டியின் கை போகிறது. ஜான் வேய்ன் படத்தில் கை தப்பித்துவிடும்.

குறை இல்லாமலில்லை. டெக்சாஸ் ரேஞ்சராக வரும் மேட் டேமனும் ரூஸ்டரும் குறி பார்த்துச் சுடுவதில் யார் பெரியவர் என்று சண்டை போடும் பகுதி ஒவ்வொரு முறையும் இழுக்கிறது. அங்கேதான் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றுகூட வாங்காத படம் இது. ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்காவது கொடுத்திருக்கலாம். நட்சத்திரங்களுக்குக் கீழே, பாம்பு கடித்த மேட்டியைச் சுமந்துகொண்டு அவளுடைய கருங்குதிரை மூச்சு இரைக்க ஓடி ஓடி விழும் இரவைச் சின்னத் திரையில் பார்த்ததற்கு இன்னும் வருத்தம் உண்டு. செல்போனில் பார்க்காதீர்கள்.

கடைசியில் 25 வருடம் கழித்து, ஒற்றைக்கையோடு, ரூஸ்டரைத் தேடி வருகிறாள் மேட்டி. மூன்று நாள் முன்புதான் அவர் செத்துப்போனார் என்கிறார்கள். அங்கே இருக்கும் இரண்டு பழைய கொள்ளைக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசுகிறார், இன்னொருவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த ஆளைக் குப்பை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அதுவரை குறை சொல்லிக்கொண்டே வந்த அப்பா, அந்த இடத்தை மட்டும் பின்னால் ஓட்டி இன்னொரு தரம் போடச் சொன்னார்.