தாளா திரையா: தர்மபுரி – ஓசூர் ரயிலில் ஒரு கணக்கு

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலில் போய்வரும் வேலை எனக்கு. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று வண்டி நின்று நின்று போகும் அந்த நேரம்தான் எனக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம். பையில் எப்போதும் ஒரு கிண்டிலும் (மின்னூல் படிப்பதற்கான அமேசானின் கருவி) ஒரு அச்சுப் புத்தகமும் இருக்கும். இரண்டில் எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படித்து முடித்த பிறகு அதை என்ன செய்யப் போகிறீர்கள்?

ரயிலுக்குள் மட்டும் பார்த்தால் கிண்டிலுக்குத்தான் என் ஓட்டு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறுநூறு பக்க நாவலை மறுகையில் விரித்து வைக்க முடியாது. ஜன்னலோர வெயிலில் போன் திரை வெளிறிப்போகும். கிண்டிலில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் மேலேறி இறங்கித்தான் அதில் எழுத்து உருவாகிறது. பக்கம் மாறும்போதுதான் அதற்கு மின்சாரம் வேண்டும். விளக்கைக் குறைத்து வைத்தால் ஒருமுறை சார்ஜ் போட்டு வாரக்கணக்கில் ஓட்டலாம். கருவிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காசுக்கு 250 ரூபாய்ப் புத்தகம் நாற்பது வாங்கிவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் நூல்கள் கிண்டில் கடைக்கு வந்தது 2016 கடைசியில். இப்போது நிறையக் கிடைக்கின்றன, ஆனாலும் நான் தேடும் சிறு பதிப்பக நூல்கள் பல அங்கே இல்லை. பழைய நூல் என்றால் நிலைமை தலைகீழ். மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றி வருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய பதிப்புகள்கூட ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. முன்பென்றால் அவற்றைப் பார்க்கச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு குறை உண்டு: ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் பக்கம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதற்குப் பெரிய டேப்லெட் வேண்டும்.

என் அம்மா படிப்பது அந்த டேப்லெட்டில்தான். அச்சில் கண்ணாடி போட்டும் பிடிபடாத எழுத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்கிறார். இதற்கு ஈடாகப் புத்தகத்தில் ஒன்றுமே கிடையாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்: "இன்னும் எவ்வளவு சாமி இருக்குது?" கீழே 43 சதவீதம் என்று காட்டினால் அவருக்கு அது கணக்காகவே படுவதில்லை. புத்தகம் என்றால் கேட்கவே மாட்டார். மிச்சப் பக்கங்களைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அழுத்திப் பார்ப்பார். "இன்னைக்கு முடிச்சிடலாம்" என்பார்.

பாடமாகப் படிப்பதற்கு நான் தாளைத்தான் சொல்வேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குத் தயாராகும் பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, எல்லார் போனிலும் இருக்கின்றன. அப்படியும் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மஞ்சள் மார்க்கரால் தீட்டித்தான் படிக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பாடத்தைத் தாளில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதல்; நேரக் கெடு வைத்துப் படிக்கும்போது அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதனால் நாவலைத் திரையில் படிக்க யாரும் கவலைப்பட வேண்டாம்.

வாங்கவே காசில்லை என்றால் நூலகம் இருக்கிறது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி, நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மின்னூலை வாங்குகிறோம் என்று சொல்கிறோம். உண்மையில் கையில் வருவது படிக்கும் அனுமதிதான். 2009-இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து தானே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மைதான். எனக்கும் ஒன்று நடந்தது: நான் நூல்கள் வாங்கிய ஒரு செயலி மூடப்பட்டது, பதினோரு நூல்கள் அதோடு போயின. கரையானும் ராமபாணப் பூச்சியும் என் அலமாரியில் தின்றது இதைவிடக் குறைவு.

இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கே ஒரு இழப்பு உண்டு. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமானோடு சேரன் இங்கே நடத்திய போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைக்கவில்லை. தொகை நூலிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட பாடல்கள் மட்டும் மிஞ்சின. ஏட்டில் இருந்ததை உ.வே.சா. 1894-இல் அச்சேற்றியதால்தான் அதே அதியமானை இன்று புறநானூற்றில் படிக்கிறோம். அதிலும் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இல்லை. நூல் பிழைப்பது பிரதிகளின் எண்ணிக்கையாலும், அவை ஒருவரிடம் மட்டும் தங்கிவிடாமல் கைமாறுவதாலும்தான். மதுரைத் திட்டம்போல் யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்ட மின்னூலும் இதில் புத்தகத்தின் கட்சிதான். பூட்டிய மின்னூலைத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் அப்பா வாங்கிய புறநானூற்று உரை ஒன்று உண்டு. அட்டை கழன்று, நூல் தையல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நெல்லிக்கனிப் பாட்டின் ஓரத்தில் பென்சிலால் "நம்ம ஊரு" என்று எழுதியிருக்கிறார். போன வருடம் ரயில் நண்பர் ஒருவர் தன் மகளுக்காகக் கேட்டார். ராயக்கோட்டைக்காரர். அது இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை இரண்டும் தர்மபுரிதான்.

நான்கு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அப்பாவின் எழுத்துக்குக் கீழே, அதைவிடச் சின்னதாக, இன்னொரு பென்சில் எழுத்து: "எங்க ஊரும்தான்."