ஒரு சொல்லுக்கு 420 வெள்ளி

வேலைக்காக மானிட்டர் வாங்கக் கிளம்பியிருப்பவர்களே, பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருந்தால் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பெட்டியை நானும் படித்தேன், ஆனால் ஒழுங்காகப் படிக்கவில்லை. சொற்களை எடைபோட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் ஒரே ஒரு சொல்லில் கோட்டைவிட்டேன் என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு அதிகம் உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளையும் கையேடுகளையும் தமிழாக்குவது என் வேலை. மற்றவர்கள் தமிழாக்கியதை மெய்ப்புப் பார்ப்பதும் உண்டு. சிங்கப்பூரின் ஈசூனில் மூவறை வீடு. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் அலுவலகம். இத்தனை ஆண்டுகளும் 14 அங்குல மடிக்கணினியிலேயே ஓட்டிவிட்டேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ், இரண்டுக்கும் நடுவே குனிந்த கழுத்து. கழுத்துவலிக்காகப் போனபோது, “முதலில் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம்” என்றார் மருத்துவர். அப்படித்தான் 27 அங்குல மானிட்டர் வாங்கும் எண்ணம் வந்தது.

ஏன் 4கே, அதாவது படப்புள்ளிகள் (பிக்சல்கள்) மிக நெருக்கமாக இருக்கும் திரை? படம் பார்ப்பதற்காக இல்லை. தமிழில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. சிறிய எழுத்தில் அந்த மூன்றாவது சுழிக்கு மங்கலான திரை ஒதுக்கும் இடம் இரண்டு மூன்று படப்புள்ளிகள்தாம். எழுத்து தடிமனாக இருந்துவிட்டால் சுழிகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளை அடைபட்டு இரண்டும் ஒரே கறுப்பு உருண்டையாகிவிடும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் அப்படித்தான். அது மேல்வரியின் காலோடு ஒட்டிக்கொண்டால் ‘க்’ எது, ‘க’ எது என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஊகித்துப் படிப்பதற்குப் பெயர் மெய்ப்புப் பார்ப்பது இல்லை.

கணக்கும் எளிதுதான். 27 அங்குலத் திரையில் 1920 × 1080 என்றால் ஓர் அங்குல நீளத்துக்குச் சுமார் 82 படப்புள்ளிகள். 2560 × 1440 என்றால் 109. 4கே எனப்படும் 3840 × 2160 என்றால் 163. அந்த 1920 × 1080 திரையே 24 அங்குலமாக இருந்தால் 92 கிடைக்கும். பெரிய திரை வாங்கினால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கை கூடாமல் திரை மட்டும் பெருத்தால் ஒவ்வொரு புள்ளியும்தான் பெருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். தெரிந்துகொண்டு போயும் ஏமாந்தேன்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நகருக்குள் இருக்கும் கணினிக் கடைகளில் ஒன்று. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. தேக்காவில் பூவும் பலகாரச் சாமானும் வாங்கிய கையோடு உள்ளே நுழைந்தேன். விற்பனைக்கு நின்றவர் தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். “வாருங்கள் அக்கா” என்ற குரலிலேயே பாதி விழுந்துவிட்டேன். 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை, எச்டிஆர் என்று விளையாடுபவர்களுக்கான அர்ச்சனை முழுவதையும் எனக்கும் செய்தார். எனக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும், 4கே வேண்டும் என்றேன். ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

“இது 4கே சப்போர்ட் அக்கா. வேறு கடையில் இந்த விலைக்குக் கிடைக்காது. நம்மவர் என்பதால் சொல்கிறேன்.”

காட்சிக்கு வைத்திருந்த மானிட்டரில் கிளியின் இறகுகள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. வீடியோவில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் எழுத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை, பூ வாடிவிடுமே என்ற கவலைதான் இருந்தது.

நல்லவேளையாக ஒன்று செய்தேன். அன்று வாங்காமல் வீட்டுக்குப் போய் அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்: “அது உண்மையான 4கே தானே, தம்பி?” உடனே பதில் வந்தது: “ஆமாம் அக்கா, முழு 4கே.” மறுநாள் 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கி, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் கட்டி ரயிலில் கொண்டுவந்தேன். அந்தத் தொகையைக் கேட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும். இந்தியாவில் ஏமாற்றுக்காரனை ‘நானூற்று இருபது’ என்பார்கள், பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் அது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்திலும் ஏமாற்றுக்கு அதே எண்தான்.

அன்று இரவே மடிக்கணினியில் இணைத்தேன். விண்டோஸில் 3840 × 2160 என்ற அளவு பட்டியலில் இருந்தது, தேர்ந்தெடுத்தேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் எழுத்துகள் மழைநாளில் பஸ் கண்ணாடி வழியாகப் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் இருந்தன. விளிம்புகள் கரைந்து, கறுப்பு சாம்பலாகித் தெரிந்தன. அந்தப் பட்டியலில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற குறிப்பு 1920 × 1080க்குப் பக்கத்தில் இருந்ததையும் பார்த்தேன். பார்த்தும், விண்டோஸுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கணினி உண்மையைச் சொன்னது. நானோ, என்னை அக்கா என்று கூப்பிட்டவரை நம்பினேன்.

அடுத்த பத்து நாள் குற்றத்தையெல்லாம் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். கேபிள் சரியில்லையோ என்று 25 வெள்ளிக்குப் புதிய எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்வையைக்கூடச் சோதித்தேன்; எண் மாறவில்லை. இதற்கிடையே ஒரு தொண்டு அமைப்பின் கையேட்டை மெய்ப்புப் பார்த்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அங்கே தொண்டூழியம் செய்யும் பெரியவர் அழைத்தார். “அம்மா, நாங்கள் கல்யாண ஆலோசனை எல்லாம் நடத்துவதில்லையே” என்றார் மெதுவாக. பார்த்தால், தடித்த எழுத்தில் இருந்த தலைப்பில் ‘மனநல ஆலோசனை’ என்பது ‘மணநல ஆலோசனை’ என்றே இருந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அவர் பிடித்துவிட்டார், பிழைத்தேன். அறிவிப்புப் பலகைகளில் பிழையான தமிழைக் கண்டால் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பி ஆத்திரப்படுகிறவள் நான். அன்று சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். முறுக்கைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தவன், “சித்தி, ஏன் இப்படி மங்கலாக வைத்திருக்கிறீர்கள்?” என்றான். வரைகலைச் செயலியைத் திறந்து, ஒரு படப்புள்ளி உயரத்துக்குக் கறுப்புக் கோடு, அடுத்த படப்புள்ளிக்கு வெள்ளைக் கோடு என்று மாற்றி மாற்றி நிரப்பினான். உண்மையான 4கே திரையில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தனித்தனிக் கோடுகள் தெரிய வேண்டும். இங்கே சாம்பல் பூசிய சுவர் மாதிரி ஒரே நிறமாகத் தெரிந்தது.

அதோடு விடவில்லை. என் தையல் பெட்டியிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்துத் திரையின் மேல் கிடையாக வைத்தான். கைப்பேசியை ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்து அதைப் பெரிதாக்கினான். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் சேர்ந்தது ஒரு படப்புள்ளி. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை இருக்கின்றன என்று பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினோம். முப்பத்திரண்டு. 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1920. 4கே என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் 64 இருந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். இந்த மானிட்டர் 4கே சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், மறுக்காது. வாங்கிய பிறகு, உள்ளே இருக்கும் சில்லு நான்கு புள்ளிகளை ஒன்றாகப் பிசைந்து, தன்னிடம் இருக்கும் 1920 × 1080 புள்ளிகளில் காட்டும். கணினி அனுப்புவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், திரையில் இருப்பது 21 லட்சத்துக்கும் குறைவு. சரியாகக் கால்வாசி. ‘சப்போர்ட்’ என்பதற்கு இவ்வளவுதான் பொருள். அண்டா நிறையச் சோறு கொண்டுபோனாலும் மானிட்டர் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் அதனிடம் இருப்பது ஒரு கிண்ணம்தான். புரொஜெக்டர்களிலும் இதே சொல் இதே வேலையைச் செய்கிறது. வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் எச்டிஆரும் அப்படியே: ‘எச்டிஆர் சப்போர்ட்’ என்றால் சமிக்ஞையை வாங்கிக்கொள்கிறது என்றுதான் பொருள், அதைக் காட்டும் ஒளிர்வு திரைக்கு இருக்கிறது என்று பொருளில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். தம்பி கைப்பேசியில் தலையைப் புதைத்துக்கொண்டார். முதலாளி வந்தார், கோபப்படவில்லை; பழகிய முகம். ரசீதைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ‘27 அங்குலம் 4கே சப்போர்ட், 1’ என்று எழுதியிருந்தது. “சப்போர்ட் செய்கிறதா இல்லையா?” என்றார். இன்னும் 180 வெள்ளி கொடுத்தால் ‘ஒரிஜினல்’ 4கே தருவதாகவும் சொன்னார். ஆக, இது ஒரிஜினல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகை.

அந்தப் பலகையைக் கண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் பகுதி ஒன்று உண்டு. வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை என்றால் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். சுவரில் பலகை மாட்டி இதைத் தள்ளுபடி செய்துவிட முடியாது. கடைக்கு முதலில் எழுத்தில் கோரிக்கை அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு சிறு தொகைக் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே பதிந்தேன். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எனக்கும் வழக்கறிஞர் கிடையாது, கடைக்காரருக்கும் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ரசீதும் அளவுகோல் படமும் இணைத்தேன். அவற்றையெல்லாம்விட வேலை செய்தது அந்த ஒருவரி வாட்ஸ்அப் செய்தி என்றுதான் நினைக்கிறேன். ‘முழு 4கே’ என்ற சொல்லுக்கு யாராலும் வேறு பொருள் சொல்ல முடியாது. அறிவிப்பு கடைக்குப் போன சில நாளில் முதலாளியே அழைத்தார். 400 வெள்ளி திருப்பித் தருவதாகச் சொன்னார். 20 வெள்ளி பெட்டியைக் கிழித்ததற்காம். விசாரணை நாள்வரை போயிருந்தால் அதையும் வாங்கியிருக்கலாம். ஆனால் கையில் வேலை குவிந்து கிடந்தது, ஒப்புக்கொண்டேன். அந்த 20 வெள்ளியை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஆகவே, கடையில் ‘4கே’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். திரையின் இயல்பான படப்புள்ளி எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டு, 3840 × 2160 என்ற எண்ணையே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் தேடுங்கள். என்னுடையதற்கு அப்படி ஒரு பக்கமே இல்லை, அதுவே ஓர் அடையாளம். ஒன்று மட்டும்: உங்கள் கணினியின் எச்டிஎம்ஐ இணைப்பு பழைய 1.4 வகையாக இருந்தால், நல்ல 4கே திரையிலும் நொடிக்கு 30 படம்தான் வரும், சுட்டி இழுத்து இழுத்துப் போகும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இப்போது வேறு கடையில் 27 அங்குல ஐபிஎஸ் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), உண்மையான 4கே, வாங்கியிருக்கிறேன். பணம் கொடுக்கும் முன் மடிக்கணினியைத் திறந்து, அந்த மனநலக் கையேட்டின் தலைப்பை மிகச் சிறிய எழுத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன். கடைக்காரர், ஒரு சீனப் பெரியவர், திரைக்கு உறை தைக்கப் போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்.