ஸ்டிக் பட்டனுக்குச் சத்தம் குறைக்கும் பேட்: காசுக்குத் தகுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய ஜோடி வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நடுவில் ஒரே சுவர்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்கேட் ஸ்டிக்கை (ஜாய்ஸ்டிக்கும் பெரிய பட்டன்களும் உள்ள கேம் கன்ட்ரோலர்) மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம் ஆடினால், காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாலும், பட்டன் சத்தம் அந்தப் பக்கம் போய்விடும். "என்னப்பா, ராத்திரியெல்லாம் தையல் மிஷின் ஓட்டுறியா?" என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்ட பிறகுதான் இந்த பேட் பையை வரவழைத்தேன். பிராண்ட் பெயர் எதுவும் இல்லாத சாதா ஜிப் பை, உள்ளே மெல்லிய நுரை வளையங்கள், பட்டன் ஒன்றுக்கு இரண்டு. பேட் விலை கொஞ்சம்தான், தபால் செலவுதான் கடிக்கிறது, அதற்கு மேல் 15% வாட் வரி வேறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தப்பாக நினைத்து வாங்குகிறார்கள். என் ஸ்டிக்கில் இருப்பது சன்வா கம்பெனியின் ஓபிஎஸ்எஃப்-30, 30 மி.மீ. பட்டன். இதில் கேட்கிற டக் டக் ஓசை பெரும்பாலும் ஸ்விட்ச்சிலிருந்து வருவதில்லை. அமுக்கும்போது மேல்மூடி அடியில் போய் இடிக்கிறது, விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளி இன்னொரு தரம் இடிக்க வைக்கிறது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மோதுகிற சத்தம். அதனால்தான் நுரை வைத்தால் அடங்குகிறது. அந்தக் காலத்து டீரூம்களில் (தெருமுனைக் கடைகளில்) மூலையில் நிற்குமே ஆர்கேட் மிஷின், அதில் இருந்த குழிவான பட்டனுக்கு இது சரிப்படாது. அதில் கிளிக் என்பதே அடியில் தொங்கும் மைக்ரோஸ்விட்ச்சின் சத்தம், எத்தனை நுரை வைத்தாலும் அது கிளிக்கிக்கொண்டுதான் இருக்கும், ஸ்விட்ச்சையே மாற்ற வேண்டும்.

போடுவது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். ஒயரைக் கழற்றி, பட்டனைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கக் காதுகளையும் உள்பக்கம் அழுத்தி மேலே தள்ளினால் வந்துவிடும். அடியில் இருக்கும் கறுப்பு ஸ்விட்ச்சைச் சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து, மேல்மூடியை விடுவித்து, ஒரு வளையம் கீழே இடிக்கும் இடத்தில், இன்னொன்று மேலே இடிக்கும் இடத்தில். அவ்வளவுதான். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ் வளையம் அருமை. சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சம் இருப்பது மெத்தையில் விரல் தட்டுகிற மாதிரி ஒரு மந்தமான ஓசை. ஆனால் பையில் தடித்த வளையமும் கலந்து வருகிறது, அதைக் கீழே போட்டால் மூடி ஸ்விட்ச் வரைக்கும் இறங்காமல் நின்றுவிடும், நீங்கள் அடித்தது விழவே விழாது. மெல்லியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

மேல் வளையத்தில்தான் விஷயம் இருக்கிறது. "வேகம் கூடும்" என்று பையில் போட்டிருப்பது சுத்தப் பொய்யும் அல்ல. மேல் வளையம் மூடியைக் கொஞ்சம் தாழ்வாகவே உட்கார வைக்கிறது, அதனால் ஸ்விட்ச் வரைக்கும் போக வேண்டிய தூரம் குறைகிறது. விரலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் விளையாட்டுக்கு? செகண்டுக்கு 60 பிரேமில் (படத்தில்) ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லி செகண்ட், அரை மில்லிமீட்டர் குறைந்ததால் கிடைப்பது அதற்குள்ளேயே அடங்கிப்போகும். டிவியைத் தாமதம் குறைக்கும் கேம் மோடில் போடாமல் பட்டனைக் குறை சொல்பவர்களுக்கு என்ன சொல்வது!

இதற்கு ஒரு விலையும் உண்டு. மோதிர விரலைப் பட்டன் மேல் சும்மா வைத்திருந்தாலே ஹெவி கிக் (பலத்த உதை) விழுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பட்டனை விடுவதும் ஸ்பெஷல் அடிக்குக் கணக்கு, அதனால் பட்டன் அரைகுறையாக நின்றால் கேட்காத நேரத்தில் ஸ்பெஷல் வந்து மானத்தை வாங்கும். டிரெயினிங் மோடில் கீ ஹிஸ்டரியை (அமுக்கியதையெல்லாம் திரையில் காட்டுவது) போட்டு ஒவ்வொரு பட்டனாக மெதுவாக அமுக்கி விட்டுப் பாருங்கள், எது ஒட்டிக்கொள்கிறது என்று உடனே தெரியும். நான் பஞ்ச் பட்டன்களில் மேல் வளையத்தை விட்டுவைத்தேன், கிக் வரிசையில் எடுத்துவிட்டேன்.

பசைதான் மகா மட்டம். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் வளையம் நகர்ந்து ஓரத்தில் சுருண்டுகொள்கிறது. நுரையும் நாளடைவில் அமுங்கி, சத்தம் மெதுவாகத் திரும்பி வரும். கைவேலைச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய ஈவிஏ நுரை ஷீட்டை வாங்கி வெட்டினால் இதே வேலை நடக்கும், வட்டமாக வெட்டத்தான் உயிர் போகும்.

புதிதாக ஸ்டிக் கட்டுபவர்கள் இந்தப் பையை வாங்க வேண்டாம். சன்வாவிலேயே ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்று சத்தம் குறைந்த பட்டன் இருக்கிறது, நேராக அதையே போடுங்கள். இன்னும் காசு செலவழிக்கத் தயாரென்றால் கேமர்ஃபிங்கர் என்ற பிராண்ட் பட்டனில் கீபோர்டுகளில் வரும் செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்ச் உட்காரும். சத்தம்தான் பிரச்சினை என்றால் அதில் சைலன்ட் ரெட் வகை, 1.9 மி.மீ. அமுக்கினால் பதியும். வேகம்தான் வேண்டும் என்றால் ஸ்பீட் சில்வர், 1.2 மி.மீ. இரண்டையும் அமுக்க வேண்டிய விசை ஒன்றுதான், 45 சென்டிநியூட்டன். ஏற்கெனவே நல்ல சன்வா பட்டன் கையில் இருக்கிறது, வீட்டில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் இந்த பேட் போதும், தாராளமாக வாங்கலாம்.

அப்புறம், ஸ்டார்ட் பட்டன் 24 மி.மீ., அதற்கு இந்தப் பையில் வளையம் கிடையாது. அதைப் படபடவென்று யாரும் அடிப்பதில்லை, விட்டுவிடலாம்.