சின்ன ஏரிப் பனியில் வெக்ஸிலார் எஃப்எல்-8: புளூகில் பிடிக்க இது போதுமா?

போதும். உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு, உள்ளே ஒலியை அனுப்பி மீனைக் காட்டுகிற சோனார் கருவி இது. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்தே போகிற சின்ன ஏரிகளில், 25 அடிக்குள்ளான ஆழத்தில், புளூகிலும் க்ராப்பியும் பிடிக்க நினைப்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சோனார் தேவையில்லை என்பது என் கட்சி. மில் லாக்ஸ் மாதிரி கடல் போன்ற ஏரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் வால்ஐ என்கிற பெரிய மீனைப் பிடிப்பவர்கள் இதை இங்கேயே நிறுத்திவிடலாம், உங்கள் கணக்கு வேறு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகளே 11,842. அதில் பேர் பெற்ற ஏரிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மிச்சமிருப்பவை வீட்டு மனைகளுக்கு நடுவிலும் பூங்காக்களுக்குப் பின்னாலும் சத்தமில்லாமல் கிடக்கிற குட்டி ஏரிகள். மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரப் பகுதியில் சில குளங்களில் மாநில இயற்கைவளத் துறையே மீன் கொண்டுவந்து விடுகிறது. துறையின் லேக்ஃபைண்டர் தளத்தில் ஏரிப் பெயரைப் போட்டால் பல ஏரிகளுக்கு ஆழ வரைபடமும், வலை போட்டுப் பார்த்த கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். இங்கே உள்ள பிரதான மீன் புளூகில். ஜிலேபிக் கெண்டையின் சித்தப்பா மகன் மாதிரி, தட்டையாக, உள்ளங்கை அகலத்தில் இருக்கும். கூடவே க்ராப்பி, பம்ப்கின்சீட், மஞ்சள் பெர்ச். எல்லாம் ஒரு வாணலிக்குள் அடங்குகிற சைஸ். ருசியில் குறை சொல்ல முடியாது, முள்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

சரி, எஃப்எல்-8. வெக்ஸிலார் மினசோட்டா கம்பெனி, இந்த மாடல் பனிக்கட்டியில் தூண்டில் போடுகிறவர்களிடம் பல காலமாகப் புழங்குவது. ஃப்ளாஷர் என்கிற வகை, திரை என்று எதுவும் கிடையாது. வட்டமான ஒரு முகப்பு, அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டு, அதில் விளக்கு. துளைக்குள் தொங்கும் ட்ரான்ஸ்டியூசர் ஒலித் துடிப்பை அனுப்புகிறது, கீழே எதில் பட்டாலும் எதிரொலி திரும்புகிறது, திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்துக்குத் தக்க இடத்தில் விளக்கு எரிகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்கு 1,400 மீட்டர் போல ஓடுவதால் 20 அடி ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் உங்கள் கை அசைந்த அதே கணத்தில் முகப்பிலும் அசைவு தெரிகிறது. பழைய எல்சிடி மீன்காட்டிகளில் வரும் அந்தத் தாமதம் இதில் இல்லை, இந்தக் கருவிக்குக் கொடுக்கிற காசு முழுக்க அதற்குத்தான்.

நிறம் மூன்று. எதிரொலி பலவீனமாக வந்தால் பச்சை, நடுத்தரமாக வந்தால் ஆரஞ்சு, பலமாக வந்தால் சிவப்பு. தரை எப்போதும் தடித்த சிவப்புப் பட்டையாக நிற்கும். 4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக்கை, அதாவது எடை வைத்த குட்டித் தூண்டில் முள்ளை, இறக்கினால் அது மெல்லிய பச்சைக் கோடாகக் கீழே இறங்கிப் போவது தெரியும், தெரியவில்லை என்றால் எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், கோடு தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நிறைய பேர் கெயினை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு முகப்பு முழுக்கச் சிவப்பாக எரிவதைப் பார்த்து, அடேயப்பா எவ்வளவு மீன் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவும் குப்பை எதிரொலி.

மீன் வருவதைப் பார்ப்பதுதான் இதில் சுகமே. தரைக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், ஒரு பச்சைக் கீற்று மினுக்கும். ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும், அந்தக் கூம்பின் ஓரத்தில் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கீற்று தடிக்கும், ஆரஞ்சாகும், சிவப்பாகும், அதாவது ஆள் நடுவுக்கு வந்துவிட்டார். அப்புறம் அந்தச் சிவப்பு மெதுவாக மேலே ஏறி உங்கள் ஜிக்கின் பச்சைக் கோட்டை நெருங்கும். இரண்டும் ஒட்டிக்கொண்ட பிறகு கண்ணைத் தூண்டில் நுனிக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் புளூகில் இழுக்காது, உறிஞ்சும், பிடிக்கவில்லையென்றால் துப்பும், இதெல்லாம் நீங்கள் மூச்சு விடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். சிவப்பு திரும்ப ஆரஞ்சாகிப் பச்சையானால் போய்விட்டது.

க்ராப்பியும் புளூகிலும் இந்த முகப்பு வட்டத்தில் நடந்துகொள்கிற விதம் வேறு வேறு. க்ராப்பிக்குக் கண் மேல்நோக்கி வேலை செய்யும், தனக்கு மேலே இருக்கிற இரையை ஏறி வந்து எடுக்கிற சாதி. அதனால் அது 14 அடியில் தெரிந்தால் ஜிக்கை 12 அடியில் நிறுத்துவேன், ஏறி வர ஆரம்பித்ததும் இன்னும் அரை அடி மெதுவாக மேலே தூக்குவேன், துரத்தி வரும். அதன் கீழே ஜிக்கை இறக்கினீர்களானால் அனேகமாகத் திரும்பியும் பார்க்காது. புளூகில் இப்படித் துரத்துவது குறைவு. வந்து, நின்று, முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்போது ஜிக்கை ஆட்டுவதை நிறுத்திவிடலாம், அல்லது இருக்கிற இடத்திலேயே நடுங்குகிற அளவுக்கு மட்டும் ஆட்டலாம். எது வேலை செய்கிறது என்பதை நிறம் அங்கேயே சொல்லிவிடும், சோனார் இல்லாதவருக்குத் தன் ஆட்டம் மீனை இழுக்கிறதா விரட்டுகிறதா என்று தெரியவே வழியில்லை.

மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி, அதனால் பனிக்கு ஒட்டின நீர் 0 டிகிரியிலும் அடித்தண்ணீர் 4 டிகிரியை ஒட்டியும் இருக்கும், ஆகவே மீன் அடியில்தான் இருக்கும் என்று பாடம் சொல்வார்கள். ஜனவரி வரை அது பல இடத்தில் சரி. ஆனால் சின்ன ஏரியில் பனிக்கு மேலே வெண்பனி குவிந்து வெளிச்சத்தை மறைத்துவிட்டால் ஆக்ஸிஜன் அடியிலிருந்துதான் முதலில் தீரும், அழுகுகிற பாசியும் சேறும் அங்கேதானே கிடக்கிறது. பிப்ரவரி கடைசியில் 18 அடித் தண்ணீரில் க்ராப்பிக் கூட்டம் 8 அடியில் தொங்குவதை இந்த வட்டத்தில் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் சோனார் இல்லாமல் தரையோடு தரையாகத் தூண்டில் போட்டிருந்தவர் ஏரியில் மீனே செத்துப்போச்சு என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

இப்போது குறைகள். ஆழத்தை எண்ணில் காட்டாது, நீங்கள்தான் வட்டத்தின் அளவுகோலைப் பார்த்து, எந்த வரம்பில் வைத்திருக்கிறோம் என்று நினைவு வைத்துப் படிக்க வேண்டும். சின்ன ஏரியில் முதல் வரம்பான 20 அடியிலேயே பெரும்பாலும் ஓட்டிவிடலாம், எனவே பெரிய தொல்லை இல்லை. தட்டைச் சுற்ற மோட்டார் இருப்பதால் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும், அமைதிக்காக ஏரிக்கு வருகிறவர்களுக்கு இது எரிச்சல் தரலாம். பக்கத்துத் துளையில் இன்னொருவர் ஃப்ளாஷர் போட்டால் அவருடைய சமிக்ஞை உங்கள் முகப்பில் கோடு கோடாக ஓடும், அதை அடக்கத் தனித் திருகு உண்டு, ஆனால் கூட்டமான இடத்தில் அதைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நிஜமான பலவீனம் பாசிதான். டிசம்பரில் முதல் பனி போட்டதும் புளூகில் எல்லாம் 6, 8 அடித் தண்ணீரில் இன்னும் பச்சையாக நிற்கிற பாசிக்குள் இருக்கும். அங்கே இதை இறக்கினால் தரையிலிருந்து பாதி உயரம் வரை ஒரே மினுமினுப்பு, இலை எது மீன் எது என்று பிரிப்பது கஷ்டம். அசையாமல் எரிவது பாசி, வந்து போவது மீன் என்று பழகிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்தப் பருவத்தில் கூடாரத்துக்குள் இருட்டாக்கிக்கொண்டு துளை வழியாகக் கண்ணாலேயே பார்ப்பது மேல். குறைந்த பவர் மோட் உள்ள புதிய மாடல்கள் இந்த ஒரு இடத்தில் எஃப்எல்-8-ஐ முந்துகின்றன.

ட்ரான்ஸ்டியூசர் வாங்கும்போது கூம்புக் கோணத்தைக் கவனியுங்கள், கடையில் யாரும் இதை விளக்குவதில்லை. 19 டிகிரிக் கூம்பு 20 அடி ஆழத்தில் தரையில் ஆறரை அடி அகலத்துக்கும் கொஞ்சம் மேலே மூடும், 9 டிகிரி என்றால் 3 அடிதான். அகலமாகப் பார்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். சமதரையில் நல்லதுதான். ஆனால் தரை சரிவாக இருந்தால் கூம்பின் மேட்டுப் பக்க ஓரம்தான் முதல் எதிரொலியைத் தரும், கருவி அதையே தரை என்று காட்டும், பள்ளத்துப் பக்கம் தரையை ஒட்டி நிற்கிற மீன் அந்தச் சிவப்புக்குள் புதைந்துவிடும். குட்டி ஏரிகளில் சரிவு சட்டென்று விழும் இடங்கள் அதிகம். 12 டிகிரி நடுவாந்தரம், நான் அதைத்தான் சொல்வேன்.

எல்சிடி, காமிரா, லைவ் சோனார் என்று வரிசையாகக் கேட்பார்கள். கடுங்குளிரில் எல்சிடி திரை மந்தமாகும், விளக்குத் தட்டுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. காமிரா பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் சின்ன ஏரிகளில் பாதிக்குத் தேநீர் நிறத் தண்ணீர், அதோடு ஒவ்வொரு துளைக்கும் ஈர கேபிளைச் சுருட்டி விரித்தால் விரல் மரத்துப்போகும். லைவ் சோனார் சுற்றிலும் தூரத்தில் இருக்கிற மீனைக் காட்டும், உண்மையிலேயே அசத்தல், ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல் போட்டு, பெரிய பேட்டரியும் தூக்கிக்கொண்டு, 60 ஏக்கர் ஏரியில் உள்ளங்கை மீனைத் துரத்துவது எனக்கு அடாவடியாகப் படுகிறது. ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, லைவ் வாங்கினா நேரா மீன் மேலயே துளை போடலாமில்ல?" போடலாம்ப்பா. அந்தக் காசில் ஃப்ளாஷரும், ட்ரில்லில் மாட்டுகிற 6 அங்குல ஆகரும் (பனியில் துளை போடும் திருகு) வாங்கினால் இருபது துளை போட்டு ஏரியையே சல்லடையாக்கலாம். பனித் தூண்டிலில் பேர் பெற்ற டேவ் கென்ஸ் மாதிரி ஆட்கள் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான்: ஒரே துளையில் உட்காராதே, பார், மீன் இல்லையா, அடுத்த துளைக்கு நட.

நடப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. தெளிந்த புதுப் பனி 4 அங்குலம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்கிறது துறை, வெள்ளையாகக் கலங்கின பனிக்கட்டி என்றால் அதைப்போல இரு மடங்கு. குட்டி ஏரிகளில் காற்றூட்டி வைத்திருப்பார்கள், மழைநீர்க் குழாய் வந்து சேரும், அந்தப் பக்கம் பனி கடைசி வரை நம்பகமில்லை. தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்தி ஏறி வர, கழுத்தில் பனிக்குத்தூசி மாட்டிக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

வட்டத்தில் மீன் தெரிந்தும் கையில் எதுவும் மாட்டவில்லை என்றால் குறை கருவியில் இல்லை, தூண்டிலில். 2 அல்லது 3 பவுண்டு நரம்பு, நுனியில் ஒரு மெல்லிய ஸ்ப்ரிங், டங்ஸ்டன் ஜிக், அதில் ஒரு வேக்ஸ் வார்ம் புழு போதும். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதே சைஸில் சீக்கிரம் இறங்கும், முகப்பிலும் தெளிவாகத் தெரியும். தடித்த நரம்பு சுருள் சுருளாக நின்றால் சின்ன ஜிக் கீழே தொங்காமல் மிதந்து சுற்றிக்கொண்டிருக்கும், புளூகில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

இன்னொன்று, இந்தக் கருவி கூட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் நிறுத்துவது உங்கள் பொறுப்பு. ஒருவர் வைத்துக்கொள்ள மாநிலப் பொது வரம்பு சன்ஃபிஷ் (புளூகிலும் பம்ப்கின்சீடும் இதில் சேர்த்தி) 20, க்ராப்பி 10. பெரிய புளூகிலைக் காப்பாற்றுவதற்காகப் பல ஏரிகளில் சன்ஃபிஷ் வரம்பை 10 அல்லது 5 என்று குறைத்திருக்கிறார்கள், போகும் ஏரிக்குத் தனி விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டைக் காவல் காக்கிற பெரிய ஆண் மீன்களை அள்ளிவிட்டால் சின்ன ஆண்கள் சீக்கிரமே முதிர்ந்து வளர்ச்சி நின்றுவிடும், அப்புறம் அந்த ஏரியில் விரல் நீள மீன்தான். நான் நடுத்தர சைஸ்களை வைத்துக்கொண்டு பெரியதைத் திரும்ப விடுவேன், கூட வருகிறவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.

கடைசியாக, பழையதாக வாங்குபவர்களுக்கு. இந்தக் கருவி பழையதாகவும் நிறையக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம், ஆனால் கூட வருகிற 12 வோல்ட் ஈய பேட்டரியை நம்பாதீர்கள், கோடை முழுக்கச் சார்ஜ் இல்லாமல் கராஜில் கிடந்திருக்கும். வாங்கும்போதே ஓடவிட்டு, தட்டு சீராகச் சுற்றுகிறதா, கேபிள் கனெக்டருக்குப் பக்கத்தில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டால் எடை பாதியைவிடக் குறைந்துவிடும், சறுக்கு வண்டி இழுக்கிற தோளுக்குத் தெரியும். அதைக் குளிரில் ஓட்டலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது, செல் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் மறுநாள் காலையில் சார்ஜரை மாட்டுங்கள்.