ஜெய்ப்பூரில் 'பிரைவேட் டே டூர்' எடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வயதானவர்களை அழைத்துக்கொண்டு ஜெய்ப்பூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் இந்தி சரளமாக வராமல், "ஒரு நாள்தானே, காரும் கைடும் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் போட்டுவிடலாம்" என்று யோசிப்பவர்களுக்கு. அம்மா, பெரியம்மா, நான் என மூன்று பேர் அப்படித்தான் போனோம். ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று காசு வாங்கியவர்கள் எங்களைப் பாதி நாளுக்குக் கடைகளில் உட்கார வைத்தார்கள். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. ஒரு பெயர் கெட்டால் இன்னொரு பெயரில் கடை விரிப்பது இவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. செய்கிற விதத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

முதல் அடையாளம் விலை. ஏசி கார், டிரைவர், ஆங்கிலம் பேசும் கைடு, 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். டீசல், டிரைவர் பேட்டா, கைடு கூலி என்று கூட்டிப் பாருங்கள், கட்டுப்படியே ஆகாது. மீதியைக் கொடுப்பது ஷோரூம்காரர்கள். ஆளைக் கொண்டுவந்து உள்ளே விட்டாலே டிரைவருக்கு ஏதாவது உண்டு. நாம் ஏதாவது வாங்கிவிட்டால் கைடுக்குக் கமிஷன்.

இரண்டாவது, அவர்கள் அனுப்பும் திட்டம். எங்களுக்கு வந்ததில் ஆமேர் கோட்டை, ஜல் மஹால், சிட்டி பேலஸ், ஜந்தர் மந்தர், ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால், நாஹர்கர் என்று ஏழு இடங்கள், கடைசியில் 'உள்ளூர்க் கைவினை அனுபவம்' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் அவர்களுக்கு முழு நாளும். ஜல் மஹாலுக்குப் பக்கத்தில் 'விசிட்' என்று போட்டிருந்தார்கள். மான் சாகர் ஏரிக்கு நடுவில் நிற்கும் அந்த மாளிகைக்குள் பொதுமக்களை விடுவதே இல்லை. கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அங்கே உள்ளே கூட்டிப் போவதாக எழுதுகிறவர்கள் மற்ற ஆறு இடங்களைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

காலை எட்டு மணிக்கு வர வேண்டிய கார் ஒன்பதரைக்கு வந்தது. நம்பர் பிளேட் வெள்ளை. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாது. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். ஓட்டல் வாசலிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆமேர் கோட்டை ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் பெரியவர்களுக்கு நல்லது. எங்கள் கார் பாதி வழியில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் நின்றது. "பத்து நிமிஷம், மாதாஜி. வாங்கவே வேண்டாம். பிளாக் பிரிண்ட் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாம்" என்றார் கைடு. டிரைவர் வேறு, நாங்கள் உள்ளே போனால் தனக்கு டீசல் காசு கிடைக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. சம்பளமே ஒழுங்காகக் கிடைக்காத மனிதர் மாதிரிதான் தெரிந்தார்.

உள்ளே ஒருவர் வெள்ளைத் துணியில் மரக்கட்டையால் யானை அச்சு குத்திக் காட்டினார். முதலில் கோடு, அப்புறம் ஒவ்வொரு நிறமாக. கடைசியில் ஏதோ ஒரு திரவத்தில் முக்கி எடுத்ததும் நிறங்கள் பளிச்சென்று மாறின. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஐந்து நிமிடக் காட்சி. அது முடிந்ததும் மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். நிஜமாக அச்சுக் குத்தும் ஊர்கள் சாங்கானேரும் பக்ருவும். அந்தக் கைவேலையில் ஆர்வம் இருந்தால் அங்கேயே போய்ப் பார்க்கலாம். இந்த மாடியில் இருப்பது மெத்தை, மசாலா டீ, புடவை மலை.

இங்கேதான் ஆள் தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். அம்மா பிறந்தது ஆரணியில், தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். சேல்ஸ்மேன் ஒரு புடவையை விரித்து "பியூர் சில்க், ஃபேக்டரி விலை, ஆறாயிரத்து ஐநூறு" என்றார். அம்மா முந்தானையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்தார். என்னிடம் திரும்பி, "பட்டுன்னா சொல்றான்? கேளுடி" என்றார். கேட்டேன். உடனே அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து லைட்டரால் கொளுத்தி எங்கள் மூக்கருகில் நீட்டினார். முடி கருகும் வாசனை. பட்டுதான். அம்மா விடவில்லை. "அது உன் பையில் இருந்த நூல். இந்தப் புடவையிலிருந்து ஒண்ணை உருவிக் கொளுத்து" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் லைட்டர் பைக்குள் போய்விட்டது. கடைக்குள் நெருப்பு வைக்கக்கூடாதாம்! பட்டு எரிந்தால் முடி நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கும். செயற்கைப் பட்டான விஸ்கோஸ் காகிதம் எரிகிற மாதிரி எரியும். நூலை அந்தத் துணியிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டதும் அதுவரை இருந்த உபசாரம் அத்தனையும் போய்விட்டது. கொண்டுவந்த டீயைக்கூடத் திரும்ப எடுத்துப் போனார்கள்.

ஆமேர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கார் மேலே போகாது, ஜீப்தான் ஒரே வழி என்று கைடு தனக்குத் தெரிந்த ஜீப்பைக் காட்டினார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஜீப் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கோட்டை அடிவாரத்து ஏரிப் பக்கமிருந்து நடந்தே ஏறலாம், நிறையப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக்குக் கொடுக்கும் பணம் பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்துக்கும் நுழைவுச்சீட்டு எடுப்பதாகச் சொல்லி அதற்கும் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார். எடுத்தது ஆமேருக்கு மட்டும்.

உள்ளே நுழையும்போது காவலர் ஒருவர் கைடிடம் அடையாள அட்டை கேட்டார். நம் ஆள், "நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் ஜலேப் சவுக் முற்றத்திலேயே நிற்கிறேன்" என்று கழன்றுகொண்டார். உரிமம் பெற்ற கைடு கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். காலையில் அதைக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். 1592-ல் ராஜா மான் சிங் கட்டத் தொடங்கிய கோட்டை. கணேஷ் போல், ஷீஷ் மஹால் என்று நின்று நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். முக்கால் மணி நேரத்தில் போன் மேல் போன் போட்டு எங்களைக் கீழே இறக்கிவிட்டார்.

சாப்பாட்டுக் கடையும் அவர் சொன்னதுதான். விலையைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

அடுத்தது சிட்டி பேலஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "இன்று ராஜ குடும்பத்தில் விசேஷம், மூடிவிட்டார்கள்" என்றார். அரண்மனையின் ஒரு பகுதியில் அந்தக் குடும்பம் இன்னும் இருப்பதால் கேட்பதற்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறையில் இரவு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அரண்மனை அன்று முழுக்கத் திறந்திருந்தது. 'இன்று மூடியிருக்கிறது' என்று யார் சொன்னாலும் வாசல்வரை போய் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அரண்மனைக்குப் பதில் 'அரசு அங்கீகாரம் பெற்ற' ரத்தினக்கல் கடை. ராஜஸ்தான் அரசின் கைவினைப் பொருள் கடை எம்.ஐ. ரோட்டில் இருக்கும் ராஜஸ்தலி. வழியில் தென்படும் கடையெல்லாம் பலகையில் 'கவர்ன்மென்ட்' என்று எழுதிக்கொண்டால் அரசுக் கடை ஆகிவிடாது. இந்தக் கடைக்காரர் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. பெரியம்மாவைப் பார்த்து, "மாதாஜி, என்ன ராசி?" என்றுதான் ஆரம்பித்தார். தென்னிந்தியப் பெண்கள் எதற்கு மடங்குவார்கள் என்று நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். மிதுனம் என்றதும் புதன், புதனுக்கு மரகதம், மரகதம் போட்டால் மூட்டு வலி போகும், மகனுக்கு வேலை உயரும் என்று அடுக்கினார். பெரியம்மா மகனுக்கு வேலையில் அப்போது கொஞ்சம் சிக்கல். வெள்ளியில் கட்டிய மோதிரம், 14,500 ரூபாய். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "நீ சும்மா இரு, என் காசு" என்று கொடுத்துவிட்டார்.

பில்லில் 'மரகதம்' என்ற சொல்லே இல்லை. 'பச்சைக் கல், வெள்ளி மோதிரம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே கொடுத்த சான்றிதழ் அந்தக் கடையே அச்சடித்த அட்டை. கோயம்புத்தூர் வந்ததும் எங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். உண்மையான மரகதத்துக்குள் பாசி படிந்த மாதிரி கீற்றுகள் தெரியும், இதற்குள் உருண்டையான காற்றுக்குமிழிகள், கண்ணாடி என்றார். ஜெய்ப்பூர் உலகத்துக்கே மரகதம் பட்டை தீட்டும் ஊர். ரத்தினம், நகை ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவின் பரிசோதனைக்கூடமே அந்த ஊரில் இருக்கிறது. 'அங்கே கொடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், கடைக்காரர் முகம் போகிற போக்கே பதில் சொல்லிவிடும்.

அங்கிருந்து ஜந்தர் மந்தர் போனால் டிக்கெட் கவுண்டரை அடைத்துவிட்டார்கள். ஹவா மஹாலை எதிர்ப்பக்கம் ரோட்டில் நின்று போட்டோ எடுக்கச் சொல்லி, "உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் சுவர்" என்றார் கைடு. ஆல்பர்ட் ஹாலும் நாஹர்கரும் காரில் இருந்தபடி கைகாட்டப்பட்டன.

மறுநாள் எங்களுக்கு இரவு விமானம். காலையில் ஆட்டோ பிடித்து நாங்களே போனோம். ஹவா மஹால், ஜந்தர் மந்தர், சிட்டி பேலஸ் மூன்றும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன, இதற்கு நாள் முழுக்கக் காரே தேவையில்லை. ஆமேர், ஜந்தர் மந்தர், ஹவா மஹால், நாஹர்கர், ஆல்பர்ட் ஹால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுச்சீட்டு உண்டு, இரண்டு நாள் செல்லும். சிட்டி பேலஸுக்கும் ஜெய்கர் கோட்டைக்கும் தனிச்சீட்டு.

ஹவா மஹாலுக்கு நுழைவு பின்பக்கம். 1799-ல் சவாய் பிரதாப் சிங் கட்டியது, ஐந்து அடுக்கு, 953 ஜன்னல். மேலே ஏறப் பெரும்பாலும் சரிவுப் பாதைதான் என்பதால் அம்மாவே மெதுவாக ஏறிவிட்டார். ஜந்தர் மந்தர் வாசலில் அட்டை வைத்திருந்த கைடு ஒருவரை, கூலியை முதலிலேயே பேசிக்கொண்டு, அழைத்துப் போனோம். அங்கே இருக்கும் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் நிழல் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. அந்த மனிதர் பளிங்கு அளவுகோலில் நிழலின் ஓரத்தில் அம்மாவின் விரலை வைக்கச் சொல்லி, ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். நிழல் விரலைத் தாண்டி நான்கு விரற்கடை போய்விட்டது. அம்மா மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தார். வெயில் இருக்கும் நேரத்தில் போனால்தான் இது நடக்கும், மாலையில் மூடும் நேரத்துக்குப் போய்ப் பயனில்லை.

சிட்டி பேலஸில் இரண்டு வெள்ளி ஜாடிகள், ஒவ்வொன்றும் 345 கிலோ. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போன சவாய் மாதோ சிங், கங்கை நீரை இவற்றில் நிரப்பிக் கப்பலில் கொண்டுபோனார். "ஒரு மனுஷனுக்குக் குடிக்க இவ்வளவு தண்ணியா" என்று பெரியம்மா அதைவிட்டு நகரவே இல்லை. முந்தைய நாள் எங்களிடமிருந்து மறைத்தது இதைத்தான்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பில், வாட்ஸ்அப் பேச்சு, யூபிஐ ரசீது எதையும் அழிக்காதீர்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். வழக்குப் போட ஜெய்ப்பூருக்கு ஓட வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஊரில் இருக்கும்போதே தகராறு என்றால் சுற்றுலா உதவி எண் 1363.

நாங்கள் 1915-ல் பதிந்திருக்கிறோம். கடைக்காரர் 'வாடிக்கையாளர் கல்லைப் பார்த்துத்தான் வாங்கினார்' என்று பதில் போட்டிருக்கிறார். அடுத்து மாவட்ட ஆணையம்தான். அதற்கு மோதிரத்தைச் சாட்சிப் பொருளாகக் கொடுக்க வேண்டும், பெரியம்மாதான் கழற்ற மாட்டேன் என்கிறார். மகனுக்கு நடுவில் பதவி உயர்வு வந்துவிட்டதாம்.

டூர்காரர்களிடமிருந்து மட்டும் தவறாமல் போன் வந்துகொண்டிருந்தது, ஐந்து ஸ்டார் போடச் சொல்லி. ஒரு ஸ்டார் போட்டு நடந்ததை எழுதினேன். எங்களோடு ஷாப்பிங் செய்து மகிழ்ந்ததற்கு நன்றி என்று கீழே பதில் போட்டிருக்கிறார்கள்.