'கோஸ்ட்ஸ்': ஒவ்வொரு அக்டோபரிலும் திரும்பப் போகும் பேய்வீடு

அக்டோபர் கடைசியில் வரும் பேய்க் கொண்டாட்டமான ஹாலோவீன் சமயத்தில் "பயமில்லாத பேய்த் தொடர் ஏதாவது இருந்தால் சொல்லேன்" என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பிபிசியின் 'கோஸ்ட்ஸ்'. 2019 ஏப்ரலில் தொடங்கி 2023 கிறிஸ்துமஸ் அன்று முடிந்த தொடர். ஐந்து சீசன், சீசனுக்கு ஆறு எபிசோட், அதுபோக நான்கு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். இங்கிலாந்தில் இருப்பதால் டிவியில் ஓடும்போதே பார்க்க ஆரம்பித்தேன். இப்போது அக்டோபர் பிறந்தால் முதலிலிருந்து ஒரு சுற்று என்பது எங்கள் வீட்டு வழக்கம். விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் தடவை பார்த்தவர்கள் எழுதுவது. இது அப்படியில்லை. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எது நிற்கிறது, எது உதிர்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கதை ரொம்ப எளிது. அலிசன், மைக் என்று ஒரு இளம் தம்பதி. கையில் காசில்லை. அலிசன் முகம்கூடப் பார்த்திராத தூரத்து உறவுக்காரப் பெண்மணி இறந்துபோக, 'பட்டன் ஹவுஸ்' என்ற பாழடைந்த மாளிகை இவளுக்கு வந்து சேர்கிறது. ஹோட்டலாக்கலாம் என்று இருவரும் குடிவருகிறார்கள். அங்கே பல நூற்றாண்டுகளாகச் செத்தவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு ஹோட்டல் பிடிக்கவில்லை. அதில் ஒரு பேய் அலிசனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட, அவள் கோமா வரை போய்த் திரும்புகிறாள். கண் விழித்தால் எல்லாப் பேயும் தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. மைக்குக்கு ஒன்றும் தெரியாது. கடைசிவரை பேய் இல்லாத திசையைப் பார்த்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பான்.

பேய்களின் பட்டியலைக் கேளுங்கள். குகை மனிதன் ராபின். சூனியக்காரி என்று எரித்துக் கொல்லப்பட்ட மேரி. தலை வேறு உடல் வேறாகத் திரியும் சர் ஹம்ப்ரி. வெகுளிச் சீமாட்டி கிட்டி. துப்பாக்கிச் சண்டையில் குண்டு வாங்கிச் செத்த, மட்டமாகக் கவிதை எழுதும் தாமஸ். கணவனே ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட லேடி பட்டன். இரண்டாம் உலகப்போர் கால கேப்டன். சாரணர் ஆசிரியர் பாட். இவருக்குக் கழுத்தில் குறுக்காக ஓர் அம்பு, வில்வித்தை சொல்லிக்கொடுக்கும்போது பையன் ஒருவன் தவறவிட்டது. அப்புறம் ஜூலியன், 1990களின் கன்சர்வேட்டிவ் எம்.பி., கால்சட்டை இல்லாமல். எந்தக் கோலத்தில் செத்தார்களோ அந்தக் கோலம்தான் என்றென்றைக்கும். ஜூலியன் எப்படிச் செத்தார் என்று குழந்தைகள் கேட்டால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடரின் உயிரே அதன் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. பேய்கள் எதையும் தொட முடியாது. வீட்டு எல்லையைத் தாண்ட முடியாது. சாப்பிட முடியாது. ஆளுக்கொரு சின்ன சக்தி இருக்கும், அதுவும் எல்லோருக்கும் கிடையாது. ராபின் விளக்கை மினுக்குவான். மேரியை யாராவது ஊடுருவி நடந்தால் கருகல் வாடை வரும். லேடி பட்டன் புகைப்படத்தில் விழுவார். ஜூலியனால் விரல் நுனியால் ஒரு பொருளை மெல்ல நகர்த்த முடியும். ஒரு கோப்பையைத் தள்ளுவதற்குள் அந்த மனிதரின் முகம் படும் பாடு இருக்கிறதே! நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து, கடைசியில் கோப்பை ஓரங்குலம் நகரும். ஜூலியனாக வரும் சைமன் ஃபார்னபி அந்த ஒரு விஷயத்தை ஐந்து சீசனும் செய்கிறார், ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வராமல் போனதில்லை.

திகில் என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இருப்பதெல்லாம் சலிப்பு. நூற்றுக்கணக்கான வருடம் ஒரே வீட்டில், ஒரே முகங்களோடு, செய்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? பாட் ஆளாளுக்கு 'கிளப்' வைத்துப் பொழுதை ஓட்ட வைப்பார். டிவியில் எதைப் போடுவது என்று பெரும் சண்டை நடக்கும். ஆனால் ரிமோட்டை அழுத்த அலிசன்தான் வர வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒன்பது பேர் ஒரே டிவிக்கு முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால் எப்படியோ அப்படி. மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா சோபாவில் உட்கார்ந்து இரண்டு எபிசோட் பார்த்துவிட்டு, "இது என்னடி பேயி, டிவி போடச் சொல்லிக் கெஞ்சுது?" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ராபின் மேல் தனிப் பிரியம். "இவன் பேசுற இங்கிலீஷ்தான் எனக்கு வெளங்குது." நியாயம்தான், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் அவன் ஒரு வாக்கியத்தில் வைப்பதில்லை. அலிசனின் நிலைமைக்கும் அம்மாவே தீர்ப்புச் சொன்னார்: பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்.

சரி, திரும்பப் பார்த்ததில் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றில் நாம் பேசுகிறவரைத்தான் பார்ப்போம். இரண்டாம் சுற்றில் பேசாதவர்களைப் பாருங்கள். பெரும்பாலான காட்சிகளில் ஏழெட்டுப் பேர் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள், ஒருவரும் சும்மா நிற்பதில்லை. கேப்டன் உத்தரவு போடும்போது பின்னால் மேரியின் முகத்தில் வேறொரு நாடகம் ஓடும். தாமஸ் அலிசனுக்காகப் பெருமூச்சு விடும்போது லேடி பட்டன் அவனைப் பார்க்கும் பார்வை தனி. ஹம்ப்ரியின் உடல் ஒரு வாசல் வழியாகத் தடவித் தடவிப் போகும், தலை எங்கேயோ தரையில் கிடந்து புலம்பும். ராபினும் ஹம்ப்ரியும் ஒரே நடிகர், லாரன்ஸ் ரிக்கார்ட். என் மகள் அதை நம்பவே மறுத்துவிட்டாள். பாதாள அறையில் கொள்ளைநோயில் செத்த கிராமத்தார் கூட்டம் ஒன்று உண்டு. மேல்தளப் பேய்களாக வரும் அதே நடிகர்கள்தான் அங்கேயும் அழுக்குப் பூசிக்கொண்டு நிற்கிறார்கள். பாய்லர் பக்கத்திலேயே கிடந்து கிடந்து பாய்லர் வேலை முழுக்க அத்துபடியானவர்கள்.

இந்த ஒத்திசைவு திடீரென வந்ததல்ல. மேத்யூ பெய்ன்டன், சைமன் ஃபார்னபி, மார்த்தா ஹவ்-டக்ளஸ், ஜிம் ஹோவிக், லாரன்ஸ் ரிக்கார்ட், பென் வில்பாண்ட் ஆகிய ஆறு பேரும் குழந்தைகளுக்கான வரலாற்று நகைச்சுவை நிகழ்ச்சியான 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' காலத்திலிருந்தே ஒன்றாக நடிப்பவர்கள். கோஸ்ட்ஸை உருவாக்கியவர்களும் இவர்கள்தான். தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்டதால் யாருடைய வசனமும் அடுத்தவர் வாயில் பொருந்தாது. ஒரு கூட்டணி பத்து வருடம் சேர்ந்து வேலை பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுவே போதும்.

இரண்டு எபிசோடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சீசனில் சாரணர் ஆசிரியர் பாட் இறந்த நாள் வருகிறது. 1984இல் செத்த அவரை நினைத்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் குடும்பத்தினர் மாளிகைக்கு வருவார்கள். பாட் அதற்காகப் பரபரவென்று காத்திருப்பார், சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், அதை மாற்றவே முடியாது என்பது வேறு விஷயம். அந்த வருடம் அலிசன் இருப்பதால் வந்தவர்கள் பேசுவதன் உள்விவரம் வெளியே வருகிறது: தான் உயிரோடிருந்தபோதே மனைவிக்கும் நெருங்கிய நண்பனுக்கும் தொடர்பு இருந்திருக்கிறது. எப்போதும் சிரித்த முகமான அந்த மனிதர் நொறுங்கிப் போகிறார். அப்புறம் கூட வந்த பேரனின் பெயர் காதில் விழுகிறது. அவன் பெயரும் பாட். பாட் வேடத்தில் வரும் ஜிம் ஹோவிக் அந்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை, கழுத்தில் அம்போடு நின்று கேட்கிறார், அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று இரண்டாம் சீசனில், தாமஸ் எப்படிச் செத்தான் என்ற கதை. தன் மரணத்தை அவன் மகா காவியமாகச் சொல்கிறான். ஆனால் அப்போதே பேயாக இருந்தவர்கள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களே! ஆளுக்கொரு துண்டாக அவர்கள் சொல்லச் சொல்லக் காவியம் கிழிந்து, கடைசியில் உண்மை வேறாக வருகிறது. எழுத்து வேலையாக எனக்குத் தொடரில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஹாலோவீன் இரவுக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடைப் போடுங்கள். லேடி பட்டன் உருவம் பதிவான புகைப்படம் இணையத்தில் பரவ, பேய் ஆர்வலர்கள் படையெடுக்கிறார்கள். இதில் காசு பார்க்கலாம் என்று அலிசனும் மைக்கும் கிளம்புகிறார்கள். வீடு நிறைய நிஜப் பேய்கள், வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க எழுந்து போய்விட்டு வந்தாலும் கதை விட்டுப்போகாது.

வீட்டைப் பற்றி ஒரு துணுக்கு. படப்பிடிப்பு நடந்தது சர்ரேயில் உள்ள வெஸ்ட் ஹார்ஸ்லி பிளேஸ் என்ற உண்மையான பழைய மாளிகையில். 2014இல் ராக்ஸ்பரோ சீமாட்டி 99 வயதில் இறந்தபோது, பாட்டி முறையான அவரிடமிருந்து அது எதிர்பாராமல் பாம்பர் கேஸ்கோயினுக்கு வந்தது. 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' வினாடிவினாவை நடத்திப் புகழ்பெற்றவர் அவர். ஒழுகும் கூரையோடு மாளிகையைப் பெற்ற அலிசன் கதையை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் சுவாரசியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு எபிசோடுகள் ஆட்களை அறிமுகம் செய்வதிலேயே போய்விடும், பொறுமை வேண்டும். பணத்தட்டுப்பாடு, வீட்டு ரிப்பேர், அதற்கொரு திட்டம், திட்டம் சொதப்பல் என்ற வட்டம் மூன்றாம் சீசனில் சலிக்கிறது. மைக்காக வரும் கீல் ஸ்மித்-பைனோ நல்ல நடிகர், ஆனால் பல எபிசோடுகளில் அவருக்கு மண்டையைச் சொறிவதைத் தவிர வேலையில்லை. நான்காம் சீசனில் மேரி போய்விடுகிறாள். அந்தப் பிரிவை அழகாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒரு இடம் காலியாகவே இருக்கிறது. மேரியாக வந்த கேட்டி விக்ஸ் செய்ததை வேறு யாரும் ஈடுகட்டவில்லை. பிரிட்டிஷ் அரசியல், எண்பதுகளின் டிவி பற்றிய பகடிகள் பல நமக்குக் கடந்துபோகும். சப்டைட்டில் போட்டுக்கொண்டால் பாதி பிடிபடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜூலியனின் சில வசனங்களுக்கு நீங்கள் இரும வேண்டியிருக்கும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் அமெரிக்கத் தொடர் ஒன்று உண்டு. நான் காசு கட்டிய ஒரு ஓடிடி தளத்தில் பெயரைப் போட்டால் அதுதான் முதலில் வந்து நிற்கும். சிபிஎஸ் என்ற அமெரிக்க டிவி சேனலில் 2021 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. அதுவும் மோசமில்லை. குகை மனிதனுக்குப் பதில் வைகிங், எம்.பி.க்குப் பதில் வால் ஸ்ட்ரீட் ஆசாமி, அவருக்கும் கால்சட்டை கிடையாது. மண்ணின் பூர்வகுடியான லெனாப்பே இளைஞன் சாசாப்பிஸ் அந்த ஊருக்கே உரிய நல்ல சேர்க்கை. கணவன் ஜேயாக இந்திய வம்சாவளி நடிகர் உத்கர்ஷ் அம்புட்கர். மைக்குக்குக் கிடைக்காத கனம் இவர் பாத்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது. சமையல்காரர் வேறு, அவர் சமைக்க, சாப்பிட முடியாத பேய்கள் சுற்றி நின்று ஏங்கும். முதல் சீசனே 18 எபிசோட் என்பதால் காதல், கிளைக்கதை என்று இழுப்பார்கள். ஹாலோவீனுக்கென்றே எழுதிய எபிசோடுகளும் அதில்தான் உண்டு. நான் அதைச் சமையலறையில் வேலை செய்துகொண்டே பார்ப்பேன். பிரிட்டிஷ் தொடரை அப்படிப் பார்த்தால் பாதி நகைச்சுவை கண்ணில் படாமலே போய்விடும்.

எதை முதலில் பார்ப்பது? பிரிட்டிஷ் தொடரை முதலில், வரிசை மாறாமல். கேப்டனின் கதை ஐந்தாம் சீசன் வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும். நடுவில் நுழைந்தால் அந்த மனிதர் எதை மறைத்து விறைப்பாக நிற்கிறார் என்பது பிடிபடாது. கிறிஸ்துமஸ் எபிசோடுகளை மட்டும் அக்டோபரில் தொடாமல் டிசம்பருக்கு ஒதுக்கிவிடுங்கள். குறிப்பாக 2020இல் வந்தது, ஜூலியனைப் பற்றியது. அதுவரை அவர் மேல் இருந்த எரிச்சல் அதைப் பார்த்த பிறகு எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.