வகுப்பறை மதிப்பெண்ணா, பொதுத்தேர்வு மதிப்பெண்ணா?

ஆண்டு முழுக்கப் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர் போடும் மதிப்பெண் நியாயமா, முகம் தெரியாதவர் திருத்தும் மூன்று மணி நேரத் தேர்வு நியாயமா? தமிழ்நாட்டில் இரண்டையுமே பார்த்தாயிற்று.

2012-13இல் எட்டாம் வகுப்பு வரை, ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பருவத்துக்கு 100 மதிப்பெண்: பாடம் நடக்கும்போதே ஆசிரியர் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வுக்கு 60. அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. ஆசிரியர்களான நாங்கள் சிறு தேர்வு நான்கு வைத்து நல்ல இரண்டை எடுத்துக்கொள்வோம். அம்மை போட்டு ஒரு வாரம் வராத பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. பொதுத்தேர்வில் அந்த இரக்கம் கிடையாது.

செயல்பாட்டில்தான் சிக்கல். ஏழாம் வகுப்பு அறிவியலில் உயிரணுவின் (செல்) படம் கேட்டிருந்தேன். ஒரு பையன் கம்ப்யூட்டர் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து, சார்ட்டில் ஒட்டி, ஜிகினா பார்டர் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு பெண் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்திருந்தாள். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளைக்கூட விடவில்லை. பத்துக்கு அவனுக்கு ஒன்பது போட்டேன், இவளுக்கு ஏழு. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்தியது. நான் மதிப்பெண் போட்டது அவன் அப்பாவின் சட்டைப்பைக்கு. மறுநாள் படங்களை மூடிவைத்துவிட்டு, எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்று இருவரையும் கேட்டேன். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்றே மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆனால் இப்படி உறுத்தாமல் போன நாட்கள் எத்தனையோ!

பொதுத்தேர்வின் பலம் இங்கேதான். ப்ளஸ் டூ விடைத்தாளைத் திருத்துபவருக்குப் பிள்ளையின் பெயர், ஊர், சாதி, சேட்டை எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். அதே ப்ளஸ் டூவில் பாடத்துக்குப் பத்து என்று பள்ளி போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க அப்படி ஒரு வழி இல்லை. அதில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு. அறுவடை நாளில் வீட்டுக்காக லீவு போடும் பிள்ளை, பாடம் தெரிந்தும் அதை இழக்கிறது.

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானதும் வகுப்பறை மதிப்பெண்ணே இறுதி மதிப்பெண் ஆனது. காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. வேறு வழியில்லைதான். ஆனாலும், "இது ஒத்திகைதானே" என்று காலாண்டை எழுதிய பிள்ளைக்கு, அதுவே கணக்கில் வரும் என்று யார் சொன்னார்கள்? எதற்கு மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரியாத தேர்வை, சொந்தப் பள்ளி ஆசிரியர் திருத்தினாலும் வெளி ஆசிரியர் திருத்தினாலும், என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

எட்டு வரை வகுப்பறை மதிப்பீடே போதும், பத்திலும் பன்னிரண்டிலும் வெளியார் திருத்துவதே நல்லது என்பது என் முடிவு. என் வகுப்பில் இப்போது சார்ட் வேலை வீட்டுக்குப் போவதில்லை. தாளும் பென்சிலும் நானே கொடுக்கிறேன். ஆரம்பிக்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவிடுவேன்: படத்துக்கு 3, பாகம் குறிக்க 3, கேள்விக்குப் பதில் சொல்ல 4.